கார்டு இருக்கிறது, டாக்டர் எங்கே?



போன மாசி மாதம் ஒரு நள்ளிரவு. நம் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையைச் சேர்ந்த ஒரு தோழரின் மகளுக்கு இடுப்பு வலி கண்டது. தலைப்பிரசவம். கீழத்தஞ்சைப் பக்கத்து ஊர். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே ராப்பகலாக மாடாய் உழைக்கும் நர்சு அம்மாளுக்குத்தான் மெமோ வரும். மேலே மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் வராது.

108 வண்டி வந்தது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த சின்ன வயசு டாக்டரம்மாள் தொட்டுப் பார்த்த உடனேயே, "குழந்தை குறுக்கே கிடக்கு, ஆபரேஷன் செய்தாகணும், தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார். போனோம். அங்கே ஆபரேஷன் தியேட்டர் இருக்கிறது. விளக்கு இருக்கிறது, மேஜை இருக்கிறது, மந்திரி பெயர் பொறித்த கல்வெட்டும் இருக்கிறது. பிரசவ டாக்டரும் அன்றைக்கு டூட்டியில் இருந்தார். ஆனால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. "அவருக்கு மூணு ஆஸ்பத்திரி அண்ணே, இங்கே வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருவாரு" என்றார் நர்சு அம்மாள். மயக்கம் கொடுக்க ஆளில்லாமல் கத்தியை எடுக்க முடியுமா? மறுபடியும் வண்டி, மறுபடியும் ரோடு, ஜில்லாத் தலைநகர் ஆஸ்பத்திரி. விடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

பெண்ணின் தகப்பனார் வேட்டி மடிப்பிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கார்டை எடுத்தார். சர்க்கார் கொடுத்த மருத்துவக் காப்பீட்டுக் கார்டு. குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை வைத்தியமாம். அதை என்னிடம் நீட்டி, "இதை முன்னாடியே காட்டியிருந்தா அந்த மயக்க டாக்டர் வந்திருப்பாரா தோழர்?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று.

நிபுண வைத்தியம் என்றால் ஏதோ பெரிய இடத்துச் சமாச்சாரம், ஏழைக்கு ஜுர மாத்திரையும் இருமல் மருந்தும் போதும் என்று நினைக்கிற புத்தி நம் நாட்டில் இன்னும் சாகவில்லை. நிபுண டாக்டர் யாருக்கு வேண்டும்? நாற்றங்காலில் நிற்கிறவனுக்கு வேண்டும். களத்து மேட்டில் தரையில் படுத்துத் தூங்குகிறவனைக் கட்டுவிரியன் கடிக்கிறது. அந்த விஷம் மூச்சை நிறுத்தும். விஷமுறிவு ஊசி மட்டும் போதாது. மூச்சுக் குழாயில் டியூபைச் செலுத்தி, மெஷினில் மூச்சு விட வைத்து, விஷம் இறங்குகிற வரையில் காத்திருக்க வேண்டும். அந்த வேலையில் கை தேர்ந்தவரும் அதே மயக்க டாக்டர்தான்! ராத்திரி ஷிப்டில் ஸ்பின்னிங்கில் நிற்கிற தொழிலாளிக்கு வாய் கோணி, கை விழுந்து போகிறது. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து, அது அடைப்பா, ரத்தக் கசிவா என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். கசிவாக இருந்து ஊசியைப் போட்டுவிட்டால் ஆளே முடிந்தான். அந்த நாலரை மணி நேரத்தை நாம் எங்கே தொலைக்கிறோம்? ரோட்டில் தொலைக்கிறோம்.

கோயம்புத்தூரைப் பாருங்கள். அங்கே பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை. இருதயத்துக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. அதே ஜில்லாவில்தான் வால்பாறையும் இருக்கிறது. தேயிலை பறிக்கும் பெண்ணுக்குப் பிரசவத்தில் சிக்கல் வந்தால் நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பொள்ளாச்சிக்கு வர வேண்டும். எஸ்டேட் முதலாளி தொழிலாளிக்கு வைத்திய வசதி செய்து தர வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே கடமையாக்கியது. சட்டம் மலை ஏறிற்று, நிபுணர் ஏறவில்லை.

இது நம் ஒரு ஜில்லாவின் கதை மட்டுமல்ல. நாட்டில் லட்சத்து இருபதாயிரம் ஜனங்களுக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம், அதில் முப்பது படுக்கை, ஆபரேஷன் டாக்டர், பொது மருத்துவ நிபுணர், பிரசவ நிபுணர், குழந்தை நிபுணர் ஆக நாலு பேர் இருக்க வேண்டும் என்பது சர்க்கார் வகுத்த இலக்கணம். 2021–22-ஆம் வருஷத்துக்கு டில்லி சர்க்காரின் சுகாதார மந்திரி இலாகாவே வெளியிட்ட கணக்கு என்ன சொல்கிறது? கிராமப்புறத்துச் சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவைப்படும் நிபுணர்களில் 79.5 சதவிகிதம் பேர் இல்லை. ஆபரேஷன் டாக்டர்களில் 83.2 சதவிகிதம் குறைவு. நூறு நாற்காலி போட்டு எண்பதைக் காலியாக வைத்திருக்கிறார்கள். மில்லில் நூறு தறிக்கு இருபது நெசவாளியை வைத்துக்கொண்டு முதலாளி உற்பத்தி கேட்பானா? ஜனங்களின் உயிர் விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு செல்லுபடியாகிறது!

வழி தெரியாமல் இப்படி நடக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1943-ல் ஜோசப் போர் என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். அது 1946-ல் அறிக்கை கொடுத்தது. பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது என்பதை அடிப்படையாக வைத்தது. பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் ஜனங்களுக்கு எழுபத்தைந்து படுக்கை, அதற்கு மேலே 650 படுக்கை ஆஸ்பத்திரி, ஜில்லாவில் 2,500 படுக்கை ஆஸ்பத்திரி என்று படிப்படியாகத் திட்டம் போட்டுக் கொடுத்தது. கமிட்டியின் பெயர் போர். ஆனால் அந்தத் திட்டத்துக்காக எந்தச் சர்க்காரும் ஒரு நாளும் போர் தொடுக்கவில்லை.

தண்ணியில்லாக் காடு

"நாங்கள் என்ன செய்வோம்? டாக்டர்கள் கிராமத்துக்கு வர மாட்டேன் என்கிறார்களே!" இது ஆளுகிறவர்களின் பழைய பல்லவி. நம் ஆட்களில் சிலரும் இதைத் திருப்பிப் பாடுகிறார்கள். டாக்டரைத் திட்டுவது சுலபம்.

டாக்டர்களில் பணப்பேய் பிடித்தவர்கள் இல்லாமலில்லை. காலையில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையில் சொந்த கிளினிக்குக்கு ஆள் பிடிக்கிறவர்களும் உண்டு. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். ஒரு அதிகாரியை அதட்ட வேண்டும் என்றால் மேலதிகாரி என்ன சொல்கிறார்? "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்!" நாம் வாழ்கிற ஊர் அவர்களுக்குத் தண்டனை கொடுக்கிற இடம். தமிழ்நாட்டுச் சர்க்கார் டாக்டர்கள் 2019 அக்டோபர் 25-லிருந்து ஒரு வாரம் ஸ்டிரைக் செய்தார்கள். சம்பளம் மட்டுமா கேட்டார்கள்? நோயாளிகளின் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி டாக்டர் பதவிகளைக் கூட்டு என்றும் கேட்டார்கள். நமக்காகவும் சேர்த்துக் கேட்ட கோரிக்கை அது. அன்றைய சர்க்கார் என்ன பதில் கொடுத்தது? ஸ்டிரைக்கில் நின்றவர்களைப் பிடித்து ஊர் ஊராக மாற்றியது. கிராமத்துக்குப் போவதைத் தண்டனையாக வைத்துக்கொண்டு, கிராமத்துக்கு டாக்டர் போகவில்லையே என்று முதலைக் கண்ணீர் விடுவது என்ன நியாயம்?

மேலும், நிபுண டாக்டர் தனியாக வந்து என்ன செய்வார்? ஆபரேஷன் டாக்டர் இருந்தால் மயக்க டாக்டர் வேண்டும். இருவரும் இருந்தால் ரத்தம் வேண்டும், ரத்தப் பரிசோதனைக்கு ஆள் வேண்டும், ராத்திரி நர்சு வேண்டும், குடியிருக்க வீடு வேண்டும். ஒரு ஜோடி எருதில் ஒன்றை மட்டும் வாங்கிக் கட்டிவிட்டு ஏர் ஓடவில்லையே என்றால்? தாலுகா ஆஸ்பத்திரியில் நான் கண்டது அதுதான். ஒற்றை மாடு.

வருஷத்துக்கு ஒரு தரம் பந்தல் போட்டு முகாம் நடத்துகிறார்கள். டெலிபோன் படத்தில் டாக்டரைக் காட்டுகிறார்கள். நல்லதை நல்லது என்றே சொல்வோம். ஈ.சி.ஜி. படத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி யோசனை கேட்பது நல்லது. மாரடைப்பு வந்தவனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிற 'இதயம் காப்போம்' திட்டம் 2023-ல் வந்தது. அதுவும் உயிர் காக்கும். ஆனால் படத்தில் தெரிகிற டாக்டர் மயக்க ஊசி போட மாட்டார்.

மார்க்குக் கூப்பாடு

வழி வேறு எங்கும் இல்லை, நம் ஊரிலேயே இருக்கிறது. ஏற்கெனவே கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற டாக்டரையே நிபுணராக்கு! அவனுக்கு ஊர் தெரியும், ஜனங்களைத் தெரியும், ரோட்டில் எந்த இடத்தில் குழி இருக்கிறது என்பது வரை தெரியும். தமிழ்நாட்டில் மருத்துவப் பட்ட மேற்படிப்பில், சர்க்கார் கல்லூரிகளின் மாகாண ஒதுக்கீட்டு இடங்களில் பாதியைச் சர்க்கார் டாக்டர்களுக்கு ஒதுக்குகிற முறை பல வருஷங்களாக இருந்தது. படித்து முடித்தவர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தார்கள். நம் ஜில்லா ஆஸ்பத்திரிகளில் இன்று கத்தி பிடிக்கிற கைகளில் பல அப்படி உருவானவைதான்.

2017-ல் அகில இந்திய மெடிக்கல் கவுன்சிலின் விதியைக் காட்டி இதற்கு வேட்டு வைத்தார்கள். "மார்க்குதான் முக்கியம், தகுதிதான் முக்கியம்" என்று கூப்பாடு போட்டார்கள். சர்க்கார் டாக்டர்களின் சங்கம் விடவில்லை. 2020 ஆகஸ்டு 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, இப்படி ஒதுக்குவதற்கு மாகாண சர்க்காருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இருதயம், நரம்பு, சிறுநீரகம் போன்ற உயர்சிறப்புப் படிப்புகளிலும் பாதி இடம் என்று தமிழ்நாடு சர்க்கார் 2020 நவம்பரில் உத்தரவு போட்டது. அதை அந்த வருஷம் நிறுத்தி வைத்து, 2022 மார்ச்சில்தான் கோர்ட்டு வழி விட்டது.

இப்பொழுது அந்தத் 'தகுதி'யின் யோக்கியதையைப் பாருங்கள். 2023 செப்டம்பரில், மேற்படிப்பு இடங்கள் நிரம்பவில்லை என்று சொல்லி, நுழைவுப் பரீட்சைத் தகுதி வரம்பை டில்லி சர்க்கார் பூஜ்ய பெர்சன்டைலுக்கு இறக்கியது. பரீட்சை ஹாலில் போய் உட்கார்ந்து எழுதியவர் எல்லோரும் தகுதியானவர்! தனியார் நிகர்நிலைக் கல்லூரிகளில் சில நிபுணப் படிப்புகளுக்கு வருஷக் கட்டணமே இருபது லட்ச ரூபாய்க்கு மேலே. பணப்பெட்டியோடு வருகிறவனுக்குப் பூஜ்யம் போதும். மூன்று வருஷம் மலையில் கிடந்து ஜனங்களைக் காப்பாற்றிய டாக்டருக்கு இடம் கொடுத்தால் மட்டும் தகுதி கெட்டுப் போகுமாம்! இதை விட வெட்கக்கேடு உண்டா? இருபது லட்சம் வீதம் கொட்டிப் படித்தவன் அந்தப் பணத்தை வட்டியோடு எடுக்க எங்கே போவான், வேதாரண்யத்துக்கா?

நிபுணர் தேறி வர மூன்று வருஷம் ஆகும் என்பார்கள். அதுவரைக்கும் வழியிருக்கிறது. சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டருக்குப் பிரசவ அவசரத்துக்கான மயக்க மருந்துப் பயிற்சி கொடுக்க 18 வாரப் பாடத்திட்டம் டில்லி சர்க்காரிடமே இருக்கிறது. பதினெட்டே வாரம்! குறுவை நட்டு அறுக்கிற காலத்தை விடக் கொஞ்சம் கூட. நான் போன தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரை அனுப்பியிருந்தால் அந்தக் குழந்தை இன்று தவழ்ந்து கொண்டிருக்கும்.

சர்க்கார் ஆஸ்பத்திரி என்றாலே உதவாது என்று பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. உயிரோடு பிறக்கிற ஒரு லட்சம் குழந்தைகளுக்கு, பிரசவத்தையொட்டிச் சாகிற தாய்மார்கள் 2018–20-ல் இந்தியா முழுவதற்கும் 97 பேர். தமிழ்நாட்டில் 54, கேரளத்தில் 19. 97-க்கும் 54-க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும், நர்சுக்கும், இருபத்து நாலு மணி நேரப் பிரசவ நிலையத்துக்கும் பெரும் பங்கு உண்டு. 54-க்கும் 19-க்கும் நடுவில் இருப்பது நாம் இன்னும் நிரப்பாத நாற்காலிகள்.

பாதிக் கட்டில் சந்தைக்கு

கார்டுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2009-ல் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-ல் டில்லித் திட்டம் வந்தது. இதனால் எவனுக்குமே நன்மையில்லை என்று நான் சொல்லவில்லை. இருதய ஆபரேஷன் செய்துகொண்டு உயிர் பிழைத்து வந்த ஏழைகளை எனக்கே தெரியும். ஆனால் கார்டு எங்கே ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கேதான் செல்லும். இல்லாத ஊரில் அது ஒரு அட்டைத் துண்டு. படுக்கையில் சேர்ந்தால்தான் பெரும்பாலும் பணம். பஸ் சார்ஜுக்கு இல்லை, துணைக்குப் போனவனின் கூலிக்கு இல்லை. வரிப்பணம் கார்டு வழியாக நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அந்தப் பணத்தில் அவன் இன்னொரு மாடி கட்டுகிறான். தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து மயக்க டாக்டரை அதிகச் சம்பளம் காட்டி இழுத்துக்கொள்கிறான். நம் பணத்தாலேயே நம் டாக்டரைக் கடத்துகிற தந்திரம்.

மில் தொழிலாளித் தோழர்கள், "எங்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது" என்று இருந்துவிடக் கூடாது. 1948 சட்டப்படி வந்து, 1955-ல் கோவைக்கு வந்த அந்தத் திட்டம் யாரும் இனாமாகப் போட்ட பிச்சையல்ல. 2019 ஜூலையில் என்ன செய்தார்கள்? சம்பளத்தில் நூற்றுக்கு 6.50 ஆக இருந்த மொத்தச் சந்தாவை 4 ஆகக் குறைத்தார்கள். தொழிலாளி பங்கு 1.75-லிருந்து 0.75 ஆயிற்று. முதலாளி பங்கு 4.75-லிருந்து 3.25 ஆயிற்று. பன்னிரண்டாயிரம் ரூபாய் சம்பளக்காரனுக்கு மாதம் 120 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம். முதலாளிக்கு ஆள் ஒன்றுக்கு 180 ரூபாய் மிச்சம். ஆயிரம் பேர் வேலை செய்கிற மில்லில் வருஷத்துக்கு 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்! மருந்துக்கும் நிபுணர் சம்பளத்துக்கும் போக வேண்டிய பணம் அது. விவசாயத் தொழிலாளிக்கோ அந்த ஈ.எஸ்.ஐ.யும் கிடையாது.

இதெல்லாம் போதாதென்று இன்னொரு திட்டத்தையும் தயார் செய்தார்கள். 2020-ல் நீதி ஆயோக் ஒரு திட்ட நகலை வெளியிட்டது. பெயரில்தான் நீதி. ஜில்லா ஆஸ்பத்திரிகளைத் தனியார் மருத்துவக் கல்லூரி நடத்துகிறவர்களிடம் அறுபது வருஷத்துக்கு ஒப்படைக்கலாம். படுக்கைகளில் பாதி வரை 'சந்தைப் படுக்கை' என்று வைத்துக் காசு வசூலிக்கலாம் என்றது அந்த நகல். நம் பாட்டன் காலத்து நிலத்தில், நம் வரியில் கட்டிய ஆஸ்பத்திரியில், ஒரு கட்டில் தர்மத்துக்கு, ஒரு கட்டில் சந்தைக்கு! மயக்க டாக்டர் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் ராத்திரி ஒரு மணிக்கு எந்தக் கட்டிலுக்கு ஓடுவார்? கீழத்தஞ்சைப் பெண்ணின் கட்டிலுக்கா?

மதுரைக்கு எய்ம்ஸ் என்று 2019 ஜனவரி 27-ல் அடிக்கல் நாட்டினார் பிரதம மந்திரி. 2022-ல் முதல் வகுப்பு மாணவர்களைச் சேர்த்தபோது பாடம் நடத்தக் கட்டிடமில்லாமல் அவர்களை ராமநாதபுரத்தில் கொண்டு போய் உட்கார வைத்தார்கள். கல்லை நட்டால் நிபுணர் முளைப்பதில்லை.

ஆனால் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் முளைத்தார்கள். தர்மபுரி ஜில்லா சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கி என்கிற பழங்குடி ஊர். 1993-ல் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா என்கிற தம்பதி அங்கே போய்க் குடிசையில் ஆரம்பித்தார்கள். அவர் மயக்க மருந்து நிபுணர், அந்த அம்மாள் பிரசவ நிபுணர். ஜோடி மாடு! அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்சுகளாக்கினார்கள். வடக்கே தல்லி ராஜ்ஹராவில் இரும்புச் சுரங்கத் தொழிலாளிகள் சங்கர் குஹா நியோகியின் தலைமையில், தங்கள் சந்தாவையும் தங்கள் உடலுழைப்பையும் போட்டு 1983-ல் சஹீத் ஆஸ்பத்திரியைக் கட்டினார்கள். இவற்றைக் காட்டி, "பார், நல்லவர்கள் செய்கிறார்கள், சர்க்கார் எதற்கு?" என்று கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது. குடிசையில் இரண்டு பேரால் முடிந்தது, வரி வாங்குகிற சர்க்காரால் தாலுகாவில் முடியாதா என்பதல்லவா கேள்வி!

அந்தப் பிரசவத்துக்குப் பிறகு எங்கள் கிளை ஒரு காரியம் செய்தது. பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனுப் போட்டோம். அந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் எந்தெந்த நிபுணருக்கு எத்தனை பதவி அனுமதி, எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், காலியிடம் எந்தத் தேதியிலிருந்து காலி, மயக்க டாக்டர் வருகிற நாட்கள் எவை, போன வருஷம் பிரசவத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேரை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஐந்தே கேள்வி. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. மயக்க டாக்டர்: அனுமதி ஒன்று, வேலையில் இருப்பவர் இல்லை. வாரம் இரண்டு நாள் வருகிறவர் வேறு ஊர்க்காரர், இரவல்.

அந்தக் காகிதத்தை மே தினக் கிராம சபையில் படித்தோம். காலியிடத்தை நிரப்பு, நிரம்புகிற வரையில் இரண்டு டாக்டர்களைப் பதினெட்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பு, ஆஸ்பத்திரி வாசலில் நிபுணர் பெயரும் நாளும் எழுதிய பலகை வை என்று தீர்மானம் போட்டோம். தலைவர் முதலில் இது கிராம சபை விஷயமல்ல என்றார். பின்வரிசையிலிருந்து அந்தப் பெண்ணின் தாயார் எழுந்து நின்றதும் கையெழுத்துப் போட்டார்.

மற்றக் கிளைகளும் அதே ஐந்து கேள்விகளைத் தங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மில் தோழர்கள் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கும் அனுப்ப வேண்டும். வருகிற பதில்களின் நகலை ஆடி முடிவதற்குள் ஜில்லா ஆபீசில் சேர்த்துவிடுங்கள். காலியிடங்களைத் தாலுகாவாரியாக இந்தப் பத்திரிகையில் போடுகிறோம். மனு எழுதத் தெரியாத தோழர்கள் கூச்சப்பட வேண்டாம், சங்க ஆபீசில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆள் இருக்கும்.